ஆராய்ச்சி மணியும் போலீஸ் ஜீப்பும்

ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு டீக்கடை இருக்கிறது. அதற்கு எதிரே, மின்சாரக் கம்பத்தடியில், விடியற்காலம் ஐந்தரை மணிக்கே ஒரு பூக்கார அம்மாள் கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்துவிடுவாள். சில வாரங்களுக்கு முன்பு ஒரு நாள், நான் டீ டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பிய சமயம், ஒரு போலீஸ் ஜீப் வந்தது. ஜீப் என்பது பழக்க தோஷம். இப்போது ஓடுகிற வண்டிகள் வேறு. ஆனால் போலீஸ் ஏறிவிட்டால் எங்களுக்கு எந்த வண்டியும் ஜீப்தான். வந்தது என்று சொல்வதைவிடப் பாய்ந்தது என்று சொல்வதே பொருத்தம். சைரன் ஒலிக்கவில்லை, சுழல் விளக்கு எரியவில்லை. முனையில் திரும்பிய வேகத்தில் பின்சக்கரம் கூடையின்மேல் ஏறி இறங்கியது. மல்லிகையும் கதம்பமும் தெருவெல்லாம் சிதறின. அந்த அம்மாள் இன்னும் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே உடம்பு நடுங்குகிறது. வண்டி நிற்கவில்லை.

அது எந்த நிலையத்து வண்டி என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுதப் போவதில்லை. நான் சொல்ல வந்தது வண்டியைப் பற்றியல்ல. அங்கே நின்றுகொண்டிருந்த எங்களைப் பற்றி.

"ஏதோ அவசரக் கேஸ் போலிருக்கிறது" என்றார் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர் ஒருவர். "அவசரக் கேஸ் என்றால் சைரன் போடக் கூடாதா?" என்று கேட்டார் பால் வாங்க வந்தவர். "நாம் ஹெல்மெட் இல்லாமல் நூறு அடி போனால் மடக்குகிறார்களே, இவர்களை மடக்க யார் இருக்கிறார்கள்?" என்றார் மூன்றாமவர். கல்லூரி மாணவன் ஒருவன் செல்போனைத் தூக்கினான்; அதற்குள் ஜீப் மறைந்துவிட்டது. டீக்கடைக்காரர் மட்டும் ஒன்றும் பேசவில்லை. அவருடைய பெஞ்சு நடைபாதையில் கிடக்கிறது! பூக்கார அம்மாளோ, நசுங்காத சரங்களைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டே, "ராத்திரி பூரா முழிச்சிருக்கும் அந்தப் பிள்ளை. கண்ணு அசந்திருக்கும்" என்றாள்.

ஐந்து நிமிஷத்தில் என் காதில் விழுந்த இந்தப் பேச்சுக்கள் நேற்றுப் பிறந்தவை அல்ல. தமிழர்களாகிய நமக்கு நீதியைப் பற்றி இருக்கிற மிகப் பிரசித்தமான கதையே ஒரு வண்டி விபத்தைப் பற்றிய கதைதான் என்பதை நாம் அதிகம் யோசிப்பதில்லை.

திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் தேரேறி வீதியில் போனான். பசுவின் கன்று சக்கரத்தில் அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாசலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை இழுத்தது. இவ்வளவும் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் இதைச் சொல்லும்போது ஒரு நுட்பம் வைத்திருக்கிறார். அரசகுமாரன் வெறியோடு தேரோட்டியவன் அல்லன். கன்றுதான் எதிர்பாராமல் துள்ளிக் குதித்து உள்ளே புகுந்தது. இன்றைய கோர்ட்டில் நல்ல வக்கீல் ஒருவர் இருந்தால் அவனை விடுவித்துவிடுவார். அமைச்சர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். பசுவைக் கொன்றதற்குச் சாஸ்திரம் விதித்த பிராயச்சித்தத்தைச் செய்தால் போதும் என்றார்கள். அரசன் அவர்களைத் திருப்பிக் கேட்ட கேள்விதான் கதையின் உயிர். வேறு ஒருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்லச் சொல்வேன். என் மகன் கொன்றால் பிராயச்சித்தம் என்பேன். இது எந்த நியாயம்? தண்டனை பெரிதா சிறிதா என்பது இரண்டாம் பட்சம். தெருவில் போகிறவனுக்கு ஒரு தராசும் அரண்மனைப் பிள்ளைக்கு ஒரு தராசும் இருக்கலாமா என்பதுதான் அவன் கவலை. எங்கள் டீக்கடை வாசலில் ஹெல்மெட்டைப் பற்றிப் பேசினாரே, அவர் கேட்டதும் அதே கேள்விதான்.

இலங்கையிலும் இந்தக் கதை உண்டு. அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனைப் பற்றிப் பாலி மொழியில் உள்ள மகாவம்சம் இதே மணியையும் இதே கன்றையும் சொல்கிறது. மகாவம்சம் எல்லாளனின் எதிர்த்தரப்பாரைக் கொண்டாடும் நூல்; அப்படியிருந்தும் இவனுடைய நீதியை மறைக்கவில்லை. அது மட்டுமல்ல, நம்மவர்கள் அவ்வளவாக அறியாத இன்னொரு சம்பவத்தையும் சேர்த்துச் சொல்கிறது. எல்லாளன் ஒரு தடவை தானே ரதத்தில் போய்க்கொண்டிருந்தான். நுகத்தடியின் முனை பட்டு ஒரு பௌத்த ஸ்தூபத்தின் கற்கள் பெயர்ந்துவிட்டன. "அரசே, உம்மால் ஸ்தூபம் சேதமாயிற்று" என்று மந்திரிகள் சொன்னார்கள். சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். வண்டிக்குள் அரசனோடு இருந்தவர்கள் வாயைத் திறந்தார்கள்! எல்லாளன் கீழே இறங்கித் தெருவில் படுத்து, இந்தச் சக்கரத்தாலேயே என் தலையையும் துண்டியுங்கள் என்றான். புத்தபிரான் பிற உயிரை வதைக்கச் சம்மதியார். இடித்ததைக் கட்டிக் கொடுத்தால் போதும் என்று மந்திரிகள் சமாதானம் செய்தார்கள். பெயர்ந்த கற்கள் 15. அவற்றைச் சீர்ப்படுத்த அரசன் செலவழித்தது 15,000 கஹாபணம். ஒரு கல்லுக்கு ஆயிரம்.

இந்த ஆயிரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம். சாதாரண மனிதனுக்கு ஒரு நாணயம் அபராதம் விதிக்கிற குற்றத்தை அரசன் செய்தால் ஆயிரம் விதிக்க வேண்டும் என்று மனுஸ்மிருதியில் ஒரு சுலோகம் இருக்கிறது. அந்த நூலில் ஜாதிக்கு ஜாதி தண்டனையை ஏற்றி இறக்கிய பகுதிகளோடு எனக்குக் கொஞ்சமும் ஒப்புதல் இல்லை. இந்த ஒரு சுலோகத்துக்கு மட்டும் தலை வணங்கலாம்.

சரி, கதைகளை விட்டுச் சரித்திரத்துக்கு வருவோம். சென்னை ராஜதானியின் போலீஸ் பிறந்ததே ஜனங்களின் புகார்களிலிருந்துதான். வரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் கம்பெனிச் சிப்பந்திகள் ஜனங்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற கூக்குரல் லண்டன் பார்லிமெண்ட் வரையில் எட்டியது. விசாரிக்க ஒரு கமிஷன் நியமித்தார்கள். 1855-ல் அறிக்கை வந்தது. சென்னையில் கமிஷன் உட்கார்ந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, ரயில் இல்லாத அந்தக் காலத்தில், வெகு தூரத்து ஜில்லாக்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். மணி ஒன்று தொங்குகிறது, இழுத்தால் ஓசை கேட்கும் என்று தெரிந்தால் நம் ஜனங்கள் எவ்வளவு தூரமும் நடப்பார்கள். கமிஷன் கண்ட முக்கியமான குறைகளில் ஒன்று, கொடுமைக்கு ஆளானவனுக்குப் பரிகாரம் கிடைப்பதில் இருந்த கஷ்டம். வரி வசூலையும் போலீஸையும் பிரித்து 1859-ல் புதிய போலீஸ் சட்டம் வந்தது.

1860-ல் இந்திய தண்டனைச் சட்டம் வந்தது. பொதுப் பாதையில் கண்மண் தெரியாமல் வண்டியோட்டுவதை அதன் 279-ஆம் பிரிவு குற்றமாக்கியது. கவனக்குறைவால் உயிர் போனால் தண்டிக்கும் 304-ஏ பிரிவை 1870-ல்தான் சேர்த்தார்கள். இந்தப் பிரிவுகளில் காக்கிச் சட்டைக்கு விதிவிலக்கு ஒரு வரிகூட இல்லை. 2024 ஜூலை முதல் வழக்கிலிருக்கும் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இல்லை. ஆனால் முதல் தகவல் அறிக்கை எழுதுகிற பேனா அதே இலாகாவின் பையில் இருக்கிறது. இதுதான் டீக்கடைக்காரரின் மௌனத்துக்குக் காரணம்.

தண்டனை ஒரு பக்கம் இருக்கட்டும், நஷ்ட ஈடு? இங்கேதான் வேடிக்கை. 1861-ல் கல்கத்தாவில் ஒரு வழக்கு நடந்தது. கிதர்ப்பூர் கப்பல் பட்டறை அருகே சர்க்கார் கூலியாட்கள் ஒரு பெரிய இரும்புத் துண்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாதையில் போட்டார்கள். பெரிய கப்பல் கம்பெனி ஒன்றின் கோச்சு வண்டிக் குதிரை மிரண்டு அதில் மோதிக் காயப்பட்டது. 350 ரூபாய்க்கு வியாஜ்யம். தலைமை நீதிபதி சர் பார்ன்ஸ் பீகாக், சர்க்கார் பணம் கொடுக்க வேண்டும் என்றார். ஆனால் அதோடு ஒரு கோட்டையும் கிழித்தார். வியாபாரி செய்யக்கூடிய காரியத்தைச் சர்க்கார் செய்து தீங்கு நேர்ந்தால் பொறுப்புண்டு; ராஜாங்கம் மட்டுமே செய்யக்கூடிய காரியமானால் பொறுப்பில்லை. ஒரு குதிரையின் காயத்திலிருந்து புறப்பட்ட இந்தக் கோடு, நூறு வருஷத்துக்கு மேல் மனிதர்களின் முதுகில் ஓடியது.

1952-ல் உதயப்பூரில், கலெக்டரின் ஜீப்பைப் பழுது பார்த்துவிட்டு ஓட்டி வந்த டிரைவர், நடந்து போனவர் ஒருவரை மோதிக் கொன்றான். 1962-ல் சுப்ரீம் கோர்ட் ராஜஸ்தான் சர்க்காரே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். இரண்டே வருஷத்தில் மீரட் வழக்கு வந்தது. போலீஸார் ஒரு வியாபாரியைப் பிடித்து 103 தோலாவுக்கு மேற்பட்ட தங்கத்தைக் கைப்பற்றினார்கள். அதைக் காவல் காத்த ஹெட் கான்ஸ்டபிள் தங்கத்தோடு பாகிஸ்தானுக்குக் கம்பி நீட்டிவிட்டார். கைது செய்வதும் பறிமுதல் செய்வதும் ராஜாங்கத்துக்கே உரிய அதிகாரம். ஆகவே சர்க்கார் தர வேண்டியதில்லை என்றது அதே சுப்ரீம் கோர்ட்.

அப்புறம் கீழ்க் கோர்ட்டுகள் பட்ட பாட்டைப் பாருங்கள். ராணுவ லாரி நிலக்கரி ஏற்றிப் போகும்போது மோதினால் நஷ்ட ஈடு உண்டு. விளையாட்டுக் கோஷ்டியை ஏற்றிப் போகும்போது மோதினால் உண்டு. ராணுவப் போலீஸார் சோதனைக்குப் போகும்போது மோதினால் கிடையாது! அடிபட்டு விழுகிறவன் விழுவதற்கு முன் லாரிக்குள் எட்டிப் பார்த்து, இது நிலக்கரியா, ஹாக்கி மட்டையா, ராஜாங்கமா என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

நம் சென்னை ஹைகோர்ட்டிலும் இப்படி ஒரு வழக்கு. கடற்படைக் கப்பல் ஒன்றுக்குக் கரியமில வாயு ஏற்றிச் சென்ற லாரி, சுமார் பத்து வயதுப் பையன் ஒருவனை மோதிவிட்டது. பல மாதம் ஆஸ்பத்திரி; நிரந்தர ஊனம். 1975-ல் சட்ட ஏடுகளில் வெளியான தீர்ப்பில் நீதிபதிகள் மனம் நொந்திருக்கிறார்கள். ராஜாங்க அதிகாரத்தோடு ஓடிய லாரியில் அடிபடும் பாக்கியம் உனக்குக் கிடைத்தது, ஆகவே உனக்கு ஒன்றும் கிடையாது என்று ஒரு குழந்தையிடம் சொல்வது கொடுமை என்கிற கருத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் சட்டம் கையைக் கட்டிப்போட்டது. கருணைத் தொகையாக ஏதாவது கொடுங்கள் என்று சிபாரிசு செய்யத்தான் முடிந்தது. மனுநீதிச் சோழன் சிலை நிற்கிற அதே ஹைகோர்ட்டில் இந்தத் தீர்ப்பு வந்தது.

பின்னால் காற்று மாறிற்று. 1994-ல் சுப்ரீம் கோர்ட், ஜனநாயகத்தில் இந்தப் பழைய ராஜாங்கக் கவசம் செல்லாது என்ற ரீதியில் விளக்கமாக எழுதியது. இன்று போலீஸ் வண்டி மோதினால் விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயத்துக்குத் தாராளமாகப் போகலாம்.

அவசரம் என்பதற்கும் இப்போது இலக்கணம் இருக்கிறது. 2017-ல் வந்த வண்டியோட்டுதல் விதிகளில் தீயணைப்பு வண்டிக்கு முதலிடம், ஆம்புலன்ஸுக்கு இரண்டாமிடம், போலீஸுக்கு மூன்றாமிடம். உண்மையான அவசரமாக இருக்க வேண்டும். சைரனும் விளக்கும் வேண்டும். அப்போதும் ஜாக்கிரதையை விட்டுவிட அனுமதியில்லை. பால் வாங்க வந்தவர் விதிகளைப் படிக்காமலே சரியாகக் கேட்டிருக்கிறார்.

இத்தனை சட்டம் இருந்தும் ஜனங்கள் அவற்றை நம்புகிறார்களா? 2018 மார்ச் 7-ஆம் தேதி திருச்சிக்கு அருகே துவாக்குடியில் ஹெல்மெட் சோதனை நடந்தது. நிற்காமல் போன ஒரு தம்பதியை இன்ஸ்பெக்டர் ஒருவர் துரத்திப் போய் மோட்டார் சைக்கிளை உதைத்தார் என்பது குற்றச்சாட்டு. மனைவி கீழே விழுந்து இறந்து போனார். சற்று நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு திருச்சி - தஞ்சாவூர் சாலையை மறித்துவிட்டார்கள். தடியடியும் நடந்தது. இன்ஸ்பெக்டர் கைதானார், வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டார். தலையைக் காப்பாற்ற வந்த சட்டத்தின் பெயரால் ஓர் உயிர் போனதை எண்ணித்தான் ஜனங்கள் அப்படிக் கொதித்தார்கள். அந்தக் கூட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவ்வளவு பெரிய கூட்டம் கூடினால்தான் ஓசை கேட்கும் என்றால், பூக்கூடை நசுங்கியவள் எந்தச் சாலையை மறிப்பாள்?

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 210-பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். இந்தச் சட்டத்தை அமல் செய்கிற அதிகாரியே இதை மீறினால், மற்றவர்களுக்கு உள்ளதைப் போல் இரு மடங்கு தண்டம். மனுஸ்மிருதியின் ஆயிரத்திலிருந்து இரண்டுக்கு இறங்கியிருக்கிறோம். ஒன்றுக்கும் கீழே இருந்ததை நினைத்தால் இதுவும் ஏற்றம்தான்.

இதைத் தெரிந்துகொண்ட உற்சாகத்தில் மறுநாள் காலை பூக்கார அம்மாளிடம் போனேன். புதுக் கூடை வாங்கியிருந்தாள். எவ்வளவு நஷ்டம் என்று கேட்டேன். கூடையும் பூவுமாக நானூறு ரூபாய் ஆயிற்று என்றாள். நான் சட்டத்தை விளக்கினேன். எழுதிக் கொடுத்தால் நானும் சாட்சி சொல்கிறேன், போலீஸ்காரர் என்றால் அபராதம் இரட்டிப்பு என்றேன்.

அவள் நாரை நீவிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அந்த ரெட்டிப்புப் பணம் எனக்கு வருமா சார்?"

"இல்லையம்மா. அபராதம் சர்க்காருக்குப் போகும். உனக்கு வேண்டுமென்றால் தனியாக வழக்குப் போட வேண்டும்."

"அப்ப அந்தப் பிள்ளைகிட்டேர்ந்து புடுங்கி அவங்க ஆபீஸுக்கே குடுக்கறதுக்கா நான் ஒரு நாள் யாவாரத்தை விட்டுட்டு வரணும்?" என்று சிரித்துவிட்டு, "எத்தனை முழம் சார்?" என்று கேட்டாள்.

இரண்டு முழம் வாங்கிக்கொண்டு வந்தேன்.