ஜனவரியில் பிறந்தா டீம்ல இடம், டிசம்பரில் பிறந்தா பெஞ்சா? கால்பந்து தேர்வில் பிறந்த மாதம் செய்யும் வேலை என்ன?

சேலம், நாமக்கல் பக்கம் குறுவட்டப் போட்டிகள் நெருங்கினாலே பள்ளி மைதானங்களில் கால்பந்து அணித் தேர்வு தொடங்கிவிடும். பட்டியல் வந்ததும், "என் பையன் நல்லாத்தானே ஆடுறான், ஏன் எடுக்கல?" என்று பி.டி. வாத்தியாரிடம் கேட்கும் பெற்றோரும் உண்டு. சில நேரம் அதற்கான பதில் பையனின் ஆட்டத்தில் இல்லை, அவனது பிறப்புச் சான்றிதழில் இருக்கிறது.

இது ஜோசியம் இல்லை. 'ஒப்பீட்டு வயது விளைவு' என்று ஆய்வாளர்கள் சொல்லும் விஷயம். கனடா ஐஸ் ஹாக்கியில், ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இருப்பதை உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவரது குழுவும் 1985-ல் எடுத்துக்காட்டினர். பிறகு கால்பந்திலும் இதே கதை தெரியவந்தது.

கட்-ஆஃப் தேதி என்ன செய்கிறது?

பள்ளி விளையாட்டுகள் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என நடக்கின்றன. கணக்கு ஜனவரி 1-ல் தொடங்கும். 14 வயதுப் பிரிவுக்கு 2012 ஜனவரி 1 கட்-ஆஃப் என்று வைத்துக்கொள்வோம். நாமக்கல் மாவட்டத் தேர்வுக்கு 2012 ஜனவரி 2-ல் பிறந்த ராசிபுரம் பையனும், அதே ஆண்டு டிசம்பர் 28-ல் பிறந்த திருச்செங்கோடு பையனும் வருகிறார்கள். காகிதத்தில் ஒரே பிரிவு. ஆனால் இடையில் கிட்டத்தட்ட முழுசா ஒரு வருஷம் இருக்கிறது.

பையன்கள் வேகமாக வளரும் பருவத்தில் ஒரே வருஷத்தில் 8, 9 செ.மீ. உயர்வது சாதாரணம். உயரம், ஓட்டம், உதையின் பலம் எல்லாம் மூத்தவனுக்குச் சாதகம். பார்ப்பவர் கண்ணுக்கு அது 'திறமை'யாகத் தெரிந்துவிடுகிறது.

2011 டிசம்பர் 30-ல் பிறந்தவன் நிலைமை இன்னும் கஷ்டம். மூணே நாள் வித்தியாசத்தில் அவன் 17 வயதுப் பிரிவுக்குத் தள்ளப்படுவான். அங்கே தன்னைவிட ஏறக்குறைய மூன்று வயது பெரியவர்களோடு மோத வேண்டும்.

மாதம்தான் காரணமா?

மாதத்துக்கு எந்தச் சக்தியும் இல்லை, எல்லாம் கட்-ஆஃப் தேதி செய்யும் வேலை. இதற்கு பெல்ஜியம் சாட்சி. அங்கே இளையோர் கால்பந்தின் கட்-ஆஃப் 1997-ல் ஆகஸ்ட் 1-லிருந்து ஜனவரி 1-க்கு மாறியது. அதுவரை ஆகஸ்டை ஒட்டிப் பிறந்தவர்களுக்குக் கிடைத்த சாதகம், பிறகு ஜனவரியை ஒட்டிப் பிறந்தவர்களுக்குப் போய்விட்டது. செப்டம்பர் 1 கட்-ஆஃப் உள்ள இங்கிலாந்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிறந்த சிறுவர்களே அகாடமிகளில் அதிகம்.

ஒரு வருஷம் விட்டால் என்ன ஆகும்?

தேர்வானவனுக்கு நல்ல பயிற்சி, கூடுதல் ஆட்டங்கள், வெளியூர்ப் பயணம் கிடைக்கும். அடுத்த ஆண்டு அவன் நிஜமாகவே சிறந்த வீரனாகிவிடுவான். விடுபட்டவன் "நமக்கு வராது போல" என்று ஷூவைக் கழற்றி வைத்துவிடுவான். உண்மையான இழப்பு இதுதான்.

ஆனால் 14 வயசுப் பட்டியல் கடைசித் தீர்ப்பு இல்லை. 1993 ஜூலை 28-ல் பிறந்த ஹாரி கேன், இங்கிலாந்து கணக்கில் தன் பிரிவின் இளையவர்களில் ஒருவர். சிறுவயதில் ஆர்சனல் அவரை விடுவித்தது. இன்று அவர் இங்கிலாந்துக்காக அதிக கோல் அடித்தவர். நம்ம ஊர் உதாரணம் கிரிக்கெட்டில் இருக்கிறது. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 20 வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடி, 2020 டிசம்பரில் இந்திய அணிக்கு அறிமுகமானார். அவர் கதைக்கும் பிறந்த மாதத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் தாமதமாகக் கதவு திறக்கலாம் என்பதற்கு அவர் சான்று.

தேதியை மாற்றினால் தீருமா?

தீராது. வயதுக் குறைப்பு மோசடி. பிடிக்கவும் வழி இருக்கிறது: 16 வயதுப் பிரிவில் பிசிசிஐ எலும்பு வயதுப் பரிசோதனை செய்கிறது, 17 வயது உலகக் கோப்பையில் ஃபிஃபா 2009 முதல் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறது. இந்த மோசடியால் அதிகம் நசுங்குவது நிஜமாகவே டிசம்பரில் பிறந்த குழந்தைதான்.

என்ன செய்யலாம்?

* தேர்வு நாளில் பிறந்த தேதி வரிசைப்படி ஜெர்சி எண் கொடுக்கலாம். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிச் செய்தபோது தேர்வாளர்களின் சாய்வு மறைந்தது. பிறந்த தேதியைத் தாளில் மட்டும் கொடுத்தபோது அது மறையவில்லை.
* ஜூனியர் கபடியில் வயதோடு எடை வரம்பும் உண்டு. அதுபோல, பயிற்சி ஆட்டங்களிலாவது உடல் வளர்ச்சியைப் பார்த்து அணி பிரிக்கலாம்.
* விடுபட்டவர்களை ஆறு மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டுப் பார்க்கலாம்.
* பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பந்தை நிறுத்துறான், பாஸ் கொடுக்குறான், இடம் பார்த்து ஓடுறானா?" பதில் 'ஆமா' என்றால் அவனை நிறுத்தாதீர்கள். உயரம் பின்னால் வரும்.