பெயரற்ற மூன்றாமவர்: ஸ்மெத்விக் கண்ணாடித் தொழிலக வரலாற்றாய்வில் சான்றுகளும் சிக்கல்களும்

1877ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், வாஷிங்டன் கடற்படை வானாய்வகத்தில் அசாஃப் ஹால் செவ்வாய்க் கோளின் இரு துணைக்கோள்களைக் கண்டறிந்தார். அவர் பயன்படுத்திய 26 அங்குலத் தொலைநோக்கியின் வில்லையைத் தேய்த்து உருவாக்கியவர்கள் ஆல்வன் கிளார்க்கும் அவர்தம் மைந்தரும் ஆவர். வானியல் நூல்கள் இவ்விரு பெயர்களையும் தவறாது குறிப்பிடுகின்றன. ஆயின், தேய்ப்பதற்கு முன் அக்கண்ணாடியை உருக்கி வார்த்தவர் யார் என்னும் வினாவை அவை பெரும்பாலும் எழுப்புவதில்லை. அக்கண்ணாடி, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரை அடுத்த ஸ்மெத்விக்கில், ஸ்பான் லேன் என்னும் தெருவில் இயங்கிய சான்ஸ் சகோதரர்கள் தொழிலகத்தில் உருவானது. காண்பவர், தேய்ப்பவர், உருக்குபவர் என்னும் மூவருள் மூன்றாமவர் வரலாற்றில் மறைந்துபோவது ஏன்? அவரைத் தேடுவோர்க்குக் கிடைக்கும் சான்றுகள் எத்தகையவை? இக்கட்டுரையின் நோக்கம் இவற்றை ஆராய்வதே.

தொழிலகத்தின் பொது வரலாறு எளிதில் கிடைப்பதுதான். 1824இல் ராபர்ட் லூக்கஸ் சான்ஸ் அதனை விலைக்கு வாங்கினார். 1832இல் பிரான்சு, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் கைவினைஞர்களை வரவழைத்து, உருளையாக ஊதிப் பின் விரித்துத் தகடாக்கும் முறையை அங்கு நடைமுறைப்படுத்தினார். 1851இல் லண்டனில் எழுந்த பளிங்கு மாளிகைக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கண்ணாடித் தகடுகளை இத்தொழிலகமே வழங்கியது. சன்னல் கண்ணாடி செய்வோர் மறைப்பதற்கு அதிகமில்லை. ஒளியியல் கண்ணாடியின் கதையோ வேறு.

அதன் தொழில்நுட்பத்தைச் சற்று விளக்குதல் வேண்டும். தொலைநோக்கி வில்லைக்கு ஈய ஆக்சைடு மிகுந்த கண்ணாடி தேவை. உலையில் உருகும்போது கனமான ஈயப்பகுதி மூசையின் அடியில் தங்கிவிடும். மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒளியை வெவ்வேறு அளவில் முறிக்கும். ஆறியபின் பார்த்தால், நீரில் கரையும் பாகுபோல் உள்ளே இழையோடி நிற்கும். அத்தகைய கண்ணாடியை எத்துணைத் திறமையாகத் தேய்த்தும் பயனில்லை. இச்சிக்கலைத் தீர்த்தவர் பல்கலைக்கழகம் கண்ட அறிஞரல்லர். சுவிட்சர்லாந்தின் லெ பிரெனே என்னும் சிற்றூரைச் சேர்ந்த பியேர் லூயி கினான் (1748-1824) என்னும் கைவினைஞர். சுட்ட களிமண்ணால் செய்த துழாவுகோல் கொண்டு உருகிய கண்ணாடியை இடைவிடாது கிளறுவதே அவர் கண்ட வழி. கேட்பதற்கு இவ்வளவுதான். ஆயினும், இந்த எளிமையே அதனைக் காப்பதற்கரிய மறைபொருளாக்கிவிட்டது.

கினான் பவேரியாவிலுள்ள பெனடிக்ட்பாயர்ன் தொழிலகத்தில் உட்ஷ்னைடரிடம் பணியாற்றிய காலத்தில், நுட்பத்தை வெளியிடலாகாது என்னும் ஒப்பந்தத்திற்கு உட்பட்டிருந்தார். அங்கேயே அதனைக் கற்ற இளைஞர் ஃபிரவுன்ஹோஃபர் புகழடைந்தார். கினான் 1814இல் ஊர் திரும்பினார். அவர் மறைந்தபின், மகன் வழியாக அந்நுட்பம் பிரான்சில் ஜார்ஜ் போந்தாம் என்பவரைச் சேர்ந்தது. 1848ஆம் ஆண்டுப் புரட்சியின்போது பிரான்சைவிட்டு வெளியேறிய போந்தாம் ஸ்மெத்விக் வந்து சேர்ந்தார். அவருடன் துழாவுகோலும் வந்தது எனலாம். மூன்றே ஆண்டுகளில், 1851ஆம் ஆண்டுக் கண்காட்சியில் 29 அங்குல வட்டக் கண்ணாடியை இத்தொழிலகம் காட்சிக்கு வைத்தது.

ஆகவே, இத்துறையில் அறிவு நூல்வழிப் பரவவில்லை, ஆள்வழிப் பரவியது. செய்முறையை எழுதிவைத்தால் திருடப்படும் என்னும் அச்சம் நிலவிய இடத்தில் செய்முறைக் குறிப்பைத் தேடி ஆய்வாளர் களைப்பதில் பொருளில்லை. அவர் தேட வேண்டியவை ஒப்பந்தங்களும் ஆட்களின் இடப்பெயர்வுமே. மறைக்க வேண்டும் என எழுதிய ஒப்பந்தமே மறைக்கப்பட்டது யாது என்பதை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

மற்றொரு சான்று வரித்துறையினுடையது. 1746 முதல் 1845 வரை பிரிட்டனில் கண்ணாடிக்கு ஆயத்தீர்வை விதிக்கப்பட்டது. அதிகாரிகள் தொழிலகத்தின் உள்ளேயே இருந்து கண்காணித்தனர். பலமுறை உருக்கிப் பார்த்தாலன்றி நல்ல ஒளியியல் கண்ணாடி அமையாது. இத்தகைய கண்காணிப்பும் தீர்வையும் அச்சோதனைகளுக்குத் தடையாயின. மைக்கேல் ஃபாரடே 1820களில் மேற்கொண்ட கண்ணாடி ஆய்வுகளுக்கே அரசின் தனி இசைவு தேவைப்பட்டது. தொழிலை முடக்கிய அதே துறையின் பதிவேடுகளும், 1835இல் வெளியான விசாரணைக் குழு அறிக்கையும் இன்று வரலாற்றாய்வாளர்க்குப் பெருந்துணை.

நிறுவனத்தின் முதல் முழு வரலாற்றை அக்குடும்பத்தைச் சேர்ந்த ஜே. எஃப். சான்ஸ் எழுதி, 1919இல் தனிச்சுற்றுக்காக மட்டும் அச்சிட்டார். கவனமாக எழுதப்பட்ட நூல். எனினும் குடும்பத்தின் நூல். உலையருகே நின்று பல மணி நேரம் துழாவியவர்களை அறிய விரும்புவோர், பிறப்பிடத்தைப் பதிந்துள்ள 1851ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நாடுதல் நலம். துரைமார் எழுதிய குறிப்புகளைக் கொண்டே நம் தோட்டப்புற வரலாற்றை எழுத நேர்ந்தவர்களுக்கு இந்நிலை புதிதன்று.

கலங்கரை விளக்கங்கள் மட்டும் இதற்கு விலக்கு. அங்கு உருக்கியவரும் தேய்த்தவரும் ஒரே நிறுவனத்தார். ஜேம்ஸ் டிம்மின்ஸ் சான்ஸ் கணிதம் பயின்றவர். முப்பட்டகங்களின் கோணங்களைத் தாமே கணித்துச் சீர்செய்தார். 1872இல் பொறியாளராகச் சேர்ந்த ஜான் ஹாப்கின்சன், ஒவ்வொரு விளக்கையும் மாலுமிகள் இனங்காணும் வகையில் தொகுதி தொகுதியாக ஒளிரும் முறையை வகுத்தார். இவ்விளக்குகளில் நிறுவனத்தின் பெயர் பொறித்த உலோகத் தகடு பதிக்கப்பட்டது. தொலைநோக்கி வில்லையில் அத்தகைய தகட்டுக்கு இடமில்லை.

மறதியின் விலை 1914இல் தெரியவந்தது. போர் மூண்டபோது பிரிட்டனின் ஒளியியல் கண்ணாடித் தேவையில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஜெர்மனியிலிருந்தும் 30 விழுக்காடு பிரான்சிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. எஞ்சிய 10 விழுக்காட்டளவையே சான்ஸ் தொழிலகம் வழங்கியது. இருநோக்கிக்கும் பீரங்கியின் குறிநோக்கிக்கும் கண்ணாடி இன்றியமையாதது என்பதை உணர்ந்த அரசு, அதன்பின்னரே ஸ்மெத்விக் உலைகளுக்குப் பொருளுதவி அளித்தது.

ஸ்மெத்விக் தொழிலகம் 1981இல் மூடப்பட்டது. கட்டடங்கள் சிதைந்து நிற்கின்றன. அங்கு வார்த்த 25 அங்குல வட்டங்களைக் கொண்டு யார்க் நகரின் தாமஸ் குக் உருவாக்கிய தொலைநோக்கி மட்டும், 1950களில் ஏதென்சை அடுத்த பென்டெலி மலைக்கு இடம்பெயர்ந்து இன்றும் அங்குள்ளது. அதற்கு வழங்கும் பெயர் நியூவால் தொலைநோக்கி. நியூவால் என்பவர் அதனை விலைகொடுத்துச் செய்வித்த செல்வர்.