கோட்டை கட்டியவரும் கோட்டை விட்டவரும்

தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வரும் நம்மவர், ஜோகூர்ப் பாலத்தின் இருமருங்கும் கிடக்கும் நீரைப் பார்க்காமலிருக்க முடியாது. அதை ஆறென்று கருதுவோரும் உளர். தேக்காவில் வாங்கவேண்டிய சாமான்களும், சிராங்கூன் சாலையில் காணவேண்டிய உறவினரும் மனத்தை நிறைத்திருக்கையில், அந்நீரின் சரித்திரத்தை எண்ணிப்பார்க்க யாருக்கு அவகாசம்? கிராணி வேலை பார்க்கும் நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே கடந்து சென்றோம்.

அது ஆறன்று, கடல். ஜோகூர் நாட்டிற்கும் சிங்கப்பூர்த் தீவிற்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் நீரிணை. மேற்கே குறுகிச் சேறும் கண்டற்காடும் நிறைந்தது. கிழக்கே அகன்று, உபின், தேக்கோங் முதலிய தீவுகளைச் சூழ்ந்து, ஜோகூர் ஆற்றையும் ஏற்றுக்கொள்வது. பாலம் என்று நாம் சொல்வது உண்மையில் கருங்கல்லைக் கொட்டி எழுப்பிய கரையேயாகும். உபின் தீவிலும் புக்கித் தீமாவிலும் வெட்டிய கல் அது. 1923இல் இரயில் ஓடத் தொடங்கிற்று. 1924 ஜூன் 28ல் திறப்பு விழா நடந்தது. அன்றுமுதல் நீரிணை இரண்டாயிற்று.

கடற்படைகள் இத்தகைய ஒதுங்கிய நீரையே நாடும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், பனியாறுகள் குடைந்த பள்ளங்களில் கடல் புகுந்து, மலைகளுக்கிடையே நெடுந்தூரம் நுழைந்து கிடக்கிறது. இக்கடற்கழிகளை அவ்வூரார் ‘லாக்’ என்பர். இரண்டாம் உலக யுத்தத்தில் ரஷ்யாவுக்குச் சரக்கேற்றிச் சென்ற கப்பற் கூட்டங்கள் பல, லாக் யூ என்னும் கழியில் திரண்டே புறப்பட்டன. புயலுக்கும் பகைக்கும் மறைவாயிருப்பதே அவ்விடங்களின் சிறப்பு. பிரிட்டிஷார் நமது நீரிணையைத் தேர்ந்ததும் இக்காரணத்தாலேயாம்: முன்னே தீவு முழுவதும் கேடயமாக நிற்க, பின்னே கப்பல்கள் பத்திரமாயிருக்கலாமென்று நினைத்தனர்.

1921இல் முடிவு செய்து, 1924இல் தொழிற்கட்சி மந்திரிசபை நிறுத்திவைக்க, பின்னர் மீண்டும் தொடங்கி, செம்பவாங்கில் தளம் கட்டினர். 1928இல் 50,000 டன் கப்பலையும் தூக்கவல்ல மிதக்கும் துறையை இங்கிலாந்திலிருந்து கடல்வழியே இழுத்து வந்தனர். 1938 பிப்ரவரி 14ல், 1,000 அடி நீளமுள்ள ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை திறக்கப்பட்டது. மொத்தச் செலவு சுமார் 6 கோடி பவுன் என்றனர். அசைக்கமுடியாத கோட்டை என்று பத்திரிகைகள் புகழ்ந்தன.

கோட்டை இருந்தது, கப்பல்கள் இல்லை. ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரு போர்க்கப்பல்களும் 1941 டிசம்பர் 8ல் இந்நீரிணையிலிருந்து புறப்பட்டன. ஆகாய விமானத் துணையின்றிச் சென்ற அவ்விரண்டையும் டிசம்பர் 10ல் குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. மாண்டவர் 840 பேர். பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்து நின்றமையால் தோற்றோம் என்ற கதையை நம்மவரும் சொல்வதுண்டு. பல பீரங்கிகள் நிலத்தின் பக்கமும் திரும்பக்கூடியவையே. ஆனால் அவற்றின் குண்டுகளில் பெரும்பாலானவை கப்பற் கவசத்தைத் துளைப்பதற்காகச் செய்யப்பட்டவை. காட்டில் பரந்து வரும் காலாட்படைக்கு எதிராக அவை எவ்வளவு பயன்படும்?

1942 ஜனவரி 31ல், பின்வாங்கிய சேனை பாலத்தை வெடிவைத்து உடைத்தது. பிப்ரவரி 8 இரவு, வடமேற்குக் கரையில் கண்டற்காட்டோரம் ஜப்பானியர் சிறு படகுகளில் வந்திறங்கினர். பிப்ரவரி 15ல் சரணாகதி. உலர்துறை திறந்து நான்கு ஆண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தன!

அதே நீரிணை பின்னர் ஜப்பானியரையும் காக்கவில்லை. 1944இல் சேதமுற்ற ‘தகாவ்’ என்னும் அவர்களது போர்க்கப்பல், விமான எதிர்ப்புப் பீரங்கி மேடையாக இங்கே நங்கூரமிட்டிருந்தது. 1945 ஜூலை 31ல் பிரிட்டிஷாரின் குறு நீர்மூழ்கிகள் இரண்டு உள்ளே நுழைந்தன. இவ்வகைக் கலங்களின் மாலுமிகள் பயிற்சி பெற்றது ஸ்காட்லாந்தின் லாக் ஸ்டிரைவன் என்னும் கடற்கழியில். ஆழமான அந்நீரில் பழகிய கலை, ஆழங்குறைந்த நம் சேற்றுநீரில் சோதனைக்குள்ளாயிற்று. வற்றும் நீரில் பகைக்கப்பலின் அடியில் கலம் அகப்பட்டுக்கொள்ளும் நிலை வந்தது. மூழ்காளர் மகென்னிஸ், அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டிச் சுரண்டி வெடிகளைப் பொருத்தினார். அவருக்கும் தலைவர் பிரேசருக்கும் விக்டோரியா சிலுவை கிடைத்தது.

இவற்றையெல்லாம் நாம் ஆங்கிலப் பள்ளியில் படித்தோம். கப்பலின் டன் கணக்கும், துறையின் அடிக் கணக்கும் மனப்பாடம். ஆனால் சதுப்பை வற்றச் செய்து, மண்ணை வெட்டி, சிமெண்டு சுமந்தவர் யார் என்று எந்தப் பாடமும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. சீனரும் மலாய்க்காரரும் மலையாளிகளும் தமிழரும் அங்கே உழைத்தனர். யுத்தத்திற்குப் பின்னும் அத்தளத்தை இயங்கச் செய்தவர் இவர்களே. இன்று செம்பவாங் பக்கம் சென்றால் கான்பெரா, மாண்ட்ரீல், ஜிப்ரால்டர் என்று தூர தேசத்துப் பெயர்களைத் தாங்கிய சாலைகளைக் காணலாம்.

1968 ஜனவரியில் பிரிட்டிஷ் சர்க்கார் தன் படைகள் விலகும் என்று அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் கப்பற்பட்டறை பெயரளவுக்கு ஒரு வெள்ளிக்குச் சிங்கப்பூரிடம் ஒப்படைக்கப்பட்டு, வாணிபக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் பட்டறையாயிற்று. 6 கோடிப் பவுன் கோட்டையின் முடிவு அது. குடியுரிமையற்ற இந்தியத் தொழிலாளர் பலர், வாழ்நாளின் உழைப்பை இங்கே வைத்துவிட்டு ஊர் திரும்பினர்.

கோட்டை விட்டவர்களுக்குச் சரித்திரம் இருக்கிறது. கட்டியவர்களுக்கு அவர்தம் வீட்டாரின் ஞாபகம் மட்டுமே இருக்கிறது. அந்த ஞாபகமும் முதுமையடைந்துவிட்டது. நேயர்களே! தளத்தில் உழைத்த பாட்டனாரோ, அவருடைய பிள்ளைகளோ உங்கள் வீட்டில் இருப்பின், இவ்வாரமே அருகில் அமர்ந்து கேளுங்கள். எந்தத் துறையில் வேலை, என்ன சம்பளம், எந்த லயத்தில் குடியிருப்பு என்பனவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். தோட்டத்துச் செக்ரோலில் ஒரு நாட்கூலி விட்டுப்போனால் நம்மவர் கிராணியிடம் வழக்காட வருவதுண்டு, அது நியாயமே. சரித்திரத்தின் செக்ரோலில் முப்பது ஆண்டு உழைப்பு விட்டுப்போயிருக்கிறது. அதற்கு வழக்காட வேண்டியவர் நாமேயன்றோ?