சாலுக்குள் இருக்கும் சங்கீதம்

பழைய சினிமாப் பாட்டு ரிக்கார்டுகளைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கைப்பேசியில் சும்மா கிடைக்கிற பாட்டுக்கு எதற்கு இவ்வளவு பணம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பதில் சொல்லக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும்.

நம் தகப்பனார் காலத்துத் தட்டு அரக்கால் ஆனது. நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடம்தான் பாடும். நீளமான பாட்டென்றால் பாதியில் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். கீழே விழுந்தால் அப்பளம்தான்.

1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி வினைல் எல்பி தட்டைக் கொண்டுவந்தது. 33⅓ சுற்று, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அதன் பெயர் 'மிக்ரோசியோன்'. சியோன் என்றால் ஏர் உழுத சால், ஆக, நுண்சால். பொருத்தமான பெயர். 78 தட்டில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 100 சால் என்றால் எல்பியில் 200-க்கு மேல்.

பத்தாண்டு கழித்து ஸ்டீரியோ வந்தது. சாலின் ஒரு சுவரில் இடப்பக்க ஒலி, மறு சுவரில் வலப்பக்க ஒலி. தமிழில் முதல் ஸ்டீரியோப் பாடல்கள் என்று பெயர் வாங்கியது 1978-இல் வந்த 'பிரியா'. அதன்பின் எக்கோ கம்பெனி வெளியிட்ட இளையராஜா எல்பிகளுக்குத்தான் இன்று பெரும் போட்டி. வயலின் வரிசை ஒரு புறம், தபேலா ஒரு புறம் என்று பிரித்துக் கேட்கலாம்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. சால் ஓடும், உள்ளே போகப் போக அது 20 செ.மீ. அளவுக்குக் குறையும். அதனால் முதல் பாட்டின் தெளிவு கடைசிப் பாட்டுக்கு இராது.

கேசட் வந்ததும் தட்டுக்கு மவுசு போயிற்று. பழைய ரிக்கார்டுகளுக்குப் புகலிடமாக இருந்த மூர் மார்க்கெட்டும் 1985 மே 30-இல் எரிந்துபோனது. நம் ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலேறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே இருந்த இடம்.

சேகரிப்பவர்களின் உழைப்பு வெறும் பொழுதுபோக்கு அல்ல. மூல ஒலிநாடா வீணாகிவிட்ட பாட்டுக்கு இந்தத் தட்டுதான் மிச்சமுள்ள சாட்சி. இணையத்தில் உலவும் பல பாடல்கள் இரைச்சலை நீக்குகிறேன் பேர்வழி என்று மெருகேற்றப்பட்டவை. இரைச்சலோடு கொஞ்சம் குரலும் போய்விடுகிறது.

ஆகவே நண்பர்களே, பரணில் பழைய தட்டுகள் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள். வெயில் படக்கூடாது. அரக்குத் தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது, கரைந்துவிடும். 78 ஊசியை எல்பியில் வைத்தால் சால் பாழ். உங்களுக்கு வேண்டாமென்றால் வேண்டுபவர் கையில் சேர்த்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.