டிரிம் தகடு (படகு)

டிரிம் தகடு என்பது விசைப்படகின் பின்புறச் சுவரின் அடிவிளிம்பில் கீல் கொண்டு பொருத்தப்படும் தட்டையான தகடு ஆகும். இது பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகினால் செய்யப்படுகின்றது. இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு தகடுகள் பொருத்தப்படுவது வழக்கம். ஓடும் படகில் இவற்றைக் கீழ்நோக்கிச் சாய்க்கும்போது படகின் பிற்பகுதி உயர்ந்து, முற்பகுதி (அணியம்) தாழ்கின்றது. வானூர்திகளின் கட்டுப்பாட்டுப் பரப்புகளில் உள்ள சிறு தகடுகளும் இதே பெயரால் அழைக்கப்படுகின்றன. ஏறத்தாழ 16 முதல் 26 அடி வரை நீளமுள்ள சிறு விசைப்படகுகளுக்கு இத்தகட்டைத் தெரிவு செய்யும் முறை கீழே விளக்கப்படுகின்றது.

தேவை

சிறு விசைப்படகுகளில் பல சறுக்குப் படகுகள் ஆகும். இவை மெதுவாகச் செல்லும்போது நீரில் மிதக்கின்றன. வேகம் கூடியதும் நீர்ப்பரப்பின் மேல் சறுக்கி ஓடுகின்றன. இவ்விரு நிலைகளுக்கும் இடையில் படகின் முற்பகுதி வெகுவாக மேலெழும். அப்போது ஓட்டுநருக்கு முன்னால் உள்ள நீர்ப்பரப்பு மறைந்துவிடும். எதிரே நீந்துபவரோ சிறு படகோ கண்ணுக்குத் தெரியாமற் போகலாம். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

இயந்திரம், மின்கலம், எரிபொருள் தொட்டி ஆகியன பிற்பகுதியில் அமைந்த படகுகளில் இச்சிக்கல் மிகுதி. பயணிகள் ஒரு பக்கமாக அமர்ந்தாலும், பக்கவாட்டுக் காற்று வீசினாலும் படகு ஒருபுறம் சாய்ந்து ஓடும். இரு தகடுகளையும் தனித்தனியே இயக்க முடிவதால் இச்சாய்வையும் திருத்தலாம். ஒற்றை இயந்திரத்தின் சாய்கோணத்தை மாற்றுவதால் இதனைச் செய்ய இயலாது.

செயற்படும் முறை

சாய்ந்த தகடு தன் மீது மோதும் நீரைக் கீழ்நோக்கித் திருப்புகின்றது. அதன் எதிர்விளைவாக மேல்நோக்கிய தூக்குவிசை உண்டாகின்றது. தகட்டுக்கு முன்னால் உள்ள படகின் அடிப்பரப்பிலும் நீரழுத்தம் கூடுகின்றது.

சறுக்குப் படகுகளை ஆராய்ந்த டேனியல் சாவிட்ஸ்கி, பி. வார்டு பிரவுன் ஆகியோர் 1976 இல் இவ்விசையைக் கணிக்கும் எளிய சூத்திரத்தை வெளியிட்டனர். அதன்படி தூக்குவிசை தகட்டின் பரப்புக்கும் சாய்கோணத்துக்கும் நேர்விகிதத்திலும், வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமைகின்றது. எடுத்துக்காட்டாக, 20 அங்குல அகலமும் 9 அங்குல நீளமும் உள்ள ஒரு தகடு 5 பாகை சாய்ந்திருந்தால், கடல்நீரில் கிடைக்கும் தூக்குவிசை தோராயமாகப் பின்வருமாறு:

* 10 நாட் வேகத்தில் 37 கிலோகிராம் எடைக்குச் சமம்
* 20 நாட் வேகத்தில் 148 கிலோகிராம் எடைக்குச் சமம்
* 30 நாட் வேகத்தில் 333 கிலோகிராம் எடைக்குச் சமம்

குறைந்த வேகத்தில் பெரிய தகடு தேவைப்படுவதும், அதே தகட்டை மிகுந்த வேகத்தில் மேலே உயர்த்திவிட வேண்டியிருப்பதும் இதனாலேயே ஆகும்.

வகைகள்

* திரவ அழுத்தத் தகடு: விசைக்குழாயும் உருளையும் கொண்டு இயங்குவது.
* மின்சாரத் தகடு: மின்னோடியால் திருகுதண்டு நீண்டு சுருங்குவது. குழாய்கள் தேவையில்லை.
* தானியங்கித் தகடு: வளிமம் அடைத்த தண்டினால் தாங்கப்படுவது. வேகம் கூடும்போது நீரழுத்தமே தகட்டை மேலே தள்ளிவிடும். விலை குறைவு, ஆனால் ஓட்டுநர் விரும்பியபடி பக்கச்சாய்வைத் திருத்த முடியாது.
* இடைமறிப்பு அலகு: தகட்டுக்குப் பதிலாகச் சில சென்டிமீட்டர் மட்டும் செங்குத்தாகக் கீழிறங்கும் அலகு. பின்புறம் நீட்டிக்கொண்டிராததால் இடம் குறைந்த படகுகளுக்கு ஏற்றது.

அளவைத் தெரிவு செய்தல்

படகின் நீளத்தில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு தகட்டுக்கு 1 அங்குல அகலம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி ஆகும். இதன்படி 20 அடிப் படகுக்குப் பக்கத்துக்கு 20 அங்குல அகலத் தகடு வேண்டும். முன்பின் நீளம் பொதுவாக 9 அங்குலம்.

அடுத்து இடவசதியை அளக்க வேண்டும். பின்புறச் சுவரின் அகலம் 84 அங்குலம் எனக் கொண்டால் அதன் பாதி 42 அங்குலம். வெளிவிளிம்பில் 4 அங்குலமும், வெளியிணைப்பு இயந்திரம் (அவுட்போர்டு மோட்டார்) தடையின்றித் திரும்ப நடுக்கோட்டிலிருந்து 12 அங்குலமும் விட்டால் 26 அங்குலம் எஞ்சும். எனவே 20 அங்குலத் தகடு அடங்கும். இரட்டை இயந்திரப் படகுகளில் இடம் போதாவிடின், அகலத்தைக் குறைத்து 12 அங்குல நீளமுள்ள தகடு தெரிவு செய்யப்படுகின்றது. எனினும் நீரழுத்தம் கீலை ஒட்டிய பகுதியிலேயே மிகுதியாக இருப்பதால், இடமிருக்கும்போது அகலமான தகடே சிறந்தது.

சிறிய தகட்டை முழுவதும் சாய்த்து ஓட்டுவதை விடப் பெரிய தகட்டைச் சிறிதளவே சாய்த்து ஓட்டுவது நன்று. சாய்கோணம் கூடக்கூட அதே தூக்குவிசைக்கு ஏற்படும் நீர்த்தடை கூடுவதே இதற்குக் காரணம்.

வரம்புகள்

டிரிம் தகடு முற்பகுதியைத் தாழ்த்த மட்டுமே வல்லது, உயர்த்த வல்லதன்று. ஏற்கனவே முற்பகுதி பாரமான படகுக்கு இதனாற் பயனில்லை. ஆகவே தகடு வாங்குமுன் சுமையை இடம்மாற்றியும், இயந்திரத்தின் சாய்கோணத்தையும் பொருத்திய உயரத்தையும் சரிசெய்தும் பார்க்க வேண்டும். படகின் முற்பகுதி திரும்பத் திரும்ப எழுந்து விழும் 'கடற்பன்றித் துள்ளல்' இயந்திரத்தைப் படகின் பக்கமாக உட்சாய்த்தாலே பல வேளைகளில் நின்றுவிடும். நிற்காதபோது தகட்டைச் சிறிதளவு தாழ்த்துவது உதவும்.

பயன்படுத்தும் முறை

* புறப்படும்போது: இரு தகடுகளையும் தாழ்த்தி, படகு சறுக்கத் தொடங்கியதும் படிப்படியாக உயர்த்த வேண்டும்.
* எதிரலையில்: சற்றே தாழ்த்தினால் கூரான முற்பகுதி அலையைப் பிளந்து செல்லும்; அதிர்வு குறையும்.
* பின்னலையில்: இரு தகடுகளையும் முழுவதும் உயர்த்திவிட வேண்டும். முற்பகுதி தாழ்ந்திருந்தால் அது முன்னலையில் புதைந்து, படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழும் அபாயம் உண்டு. ஆற்றுமுகத்துவாரங்களில் நுழையும்போது இது மிக முக்கியம்.
* பக்கச்சாய்வின்போது: தாழ்ந்துள்ள பக்கத்தின் தகட்டை இறக்க வேண்டும். பல படகுகளில் விசைக்குமிழ், தகட்டின் பக்கத்தை அல்லாது தாழவேண்டிய அணியத்தின் பக்கத்தையே குறிக்கும்.
* பின்னோக்கிச் செல்லும்போது: தகடுகளை உயர்த்தி வைக்காவிடின் அவை நீரைத் தடுத்துச் சேதமடையக்கூடும்.

பராமரிப்பு

கடல்நீரில் நிற்கும் படகுகளில் தகட்டின் மீது அரிப்பைத் தாங்கும் துத்தநாகக் கட்டி பொருத்தப்படுகின்றது. இதன் மீது வண்ணம் பூசினால் அது பயன்படாது. கீலிலும் தண்டிலும் படியும் சிப்பிகளை அவ்வப்போது அகற்ற வேண்டும். ஒரு தகடு மட்டும் தாழ்ந்த நிலையில் இறுகிக்கொண்டால் படகு வேகமாக ஓடும்போது ஒருபுறம் இழுக்கும். இந்நிலையில் வேகத்தைக் குறைத்தே கரை சேர வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* விசைப்படகு
* வெளியிணைப்பு இயந்திரம்
* பாய்ம இயக்கவியல்