பிரேக் பைப் நட்டு கழலவே இல்லையா? ஈ.சி.ஆர் பக்கம் பழைய கார் வச்சிருக்கிறவங்களுக்கான கைடு!

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கீங்களா? சிற்பங்கள் பல இடங்களில் மழுங்கிப் போயிருக்கும். காரணம், உப்புக்காற்று. அதைத் தடுக்க சுற்றிலும் சவுக்கு மரம் வச்சிருக்காங்க, கடல் பக்கம் பாறைகளை அடுக்கியிருக்காங்க. கல்லுக்குள் இறங்கின உப்பை, காகிதக்கூழைப் பூசி உறிஞ்சி எடுக்கிற வேலையையும் தொல்லியல் துறை செய்திருக்கு.

கல்லுக்கே இந்த நிலைமைன்னா, உங்க காருக்கு அடியில் ஓடுற பென்சிலைவிட ஒல்லியான இரும்புக் குழாய் என்ன ஆகும்? அதுதான் பிரேக் பைப். அதை இணைக்கிற நட்டு துருப்பிடிச்சு இறுகினா எப்படிக் கழற்றுவதுன்னு பார்ப்போம்.

நம்ம ஊர் வண்டி, நம்ம ஊர் துரு

பழைய கார் மோகம் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. 1960-களில் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, வண்டலூர் - பெருங்களத்தூர் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் உருவான வண்டி. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் பிறந்த ஐக்கானுக்கும் இப்போ வயசாகிடுச்சு. 1983 முதல் 2014 வரை தயாரான மாருதி 800-ஐப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தாத்தா வண்டியைத் தூசு தட்டி எடுக்கிறவங்க, குறைஞ்ச விலைக்கு வாங்கி ரெடி பண்றவங்கன்னு இளைஞர் கூட்டம் பெருசு.

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம்னு கடலோரமா வண்டி நிக்கும்போது காற்றில் வர்ற உப்பு அடிப்பக்கம் படியும். உப்பு, ஈரத்தை இழுத்துப் பிடிச்சு வைக்கும். இரும்பு துருவா மாறும்போது பருமன் பெருசாகும். நட்டின் மரைக்குள் இருக்கிற சின்ன இடைவெளியிலும் துரு வீங்கி அடைச்சுக்கும். ‘மரை கழண்ட கேஸு’ன்னு ஆளைக் கிண்டல் பண்ணுவோம், இங்கே மரை கழலாததுதான் பிரச்னை.

ஒரு பைப் போனா என்ன ஆகும்?

ஹெரால்டு மாதிரி 60-களின் வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான். எங்கேயாவது ஓர் இடத்தில் பைப் உடைஞ்சா, பெடல் நேரா தரைக்குப் போயிடும்; மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும்தான். பின்னாடி வந்த வண்டிகளில் இரண்டு தனித்தனி லைன்கள் இருந்தாலும், ஒண்ணு போனா பிரேக்கின் பலம் பெருமளவு குறையும். ‘கொஞ்சமாத்தான் கசியுது, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்பது இங்கே செல்லாது.

அதனால், பிரேக் வேலையை இதுக்கு முன்னாடி செய்ததே இல்லைன்னா தனியா இறங்காதீங்க. அனுபவமுள்ள மெக்கானிக் ஒருத்தரைக் கூட வச்சுக்கோங்க.

முதல் விதி: பைப்பைக் காப்பாத்தாதீங்க!

பலரும் தப்பு பண்ற இடம் இதுதான். பைப்பும் உடையக் கூடாது, நட்டும் கழலணும்னு மணிக்கணக்கா மல்லுக்கட்டுவாங்க. கடைசியில் நட்டின் முனை மழுங்கி, வீல் சிலிண்டரின் மரையும் போயிடும்.

துருப்பிடிச்ச பைப்பை எப்படியும் மாத்தத்தான் போறீங்க. புது பைப்பை அளவு கொடுத்துச் செஞ்சு வாங்கிடலாம். ஆனா, பழைய வண்டிக்கு மாஸ்டர் சிலிண்டரோ, ஜங்ஷன் பிளாக்கோ தேடி புதுப்பேட்டை, ஜி.பி. ரோடுன்னு அலையணும். காப்பாத்த வேண்டியது அந்தப் பாகங்களின் உள் மரையை. இதை மனசில் வச்சுக்கிட்டா, கீழே வர்ற ஒவ்வொரு முடிவும் சுலபமாயிடும்.

ஆரம்பிக்கும் முன்

* ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பிச்சு, திங்கட்கிழமை அதே வண்டியில் ஆபீஸ் போகணும்னு பிளான் போடாதீங்க. இது இரண்டு, மூன்று நாள் வேலை.
* சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு கட்டாயம்.
* துரு நேரா கண்ணில்தான் விழும். கண்ணாடி போட்டுக்கோங்க.
* பைப் எப்படி வளைஞ்சு போகுது, கிளிப் எங்கெங்கே இருக்குன்னு போனில் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

கழற்றும் வரிசை

1. சுத்தம்: கம்பி பிரஷ்ஷால் நட்டைச் சுற்றியும், நட்டுக்குப் பின்னாடி பைப்பிலும் துருவை நல்லாத் தேய்ச்சு எடுங்க. மண் ஒட்டியிருந்தா ஸ்பேனர் முழுசா உட்காராது.

2. ஊறல்: துருவை இளக்குற ஸ்ப்ரேயை நட்டின் இரண்டு பக்கமும் அடிங்க. சாயங்காலம் ஒருமுறை, காலையில் ஒருமுறைன்னு இரண்டு நாள் பொறுமையா விடுங்க. நடுநடுவே சின்னச் சுத்தியலால் லேசா தட்டினா, அதிர்வில் ஆயில் உள்ளே இறங்கும். கிடைக்கிற ஸ்ப்ரேயைவிட, நீங்க கொடுக்கிற நேரம்தான் முக்கியம்.

3. சரியான ஸ்பேனர்: சாதாரண ஓப்பன் ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கும், அதான் முனை மழுங்குது. ஃப்ளேர் நட் ஸ்பேனர்னு கேட்டு வாங்குங்க. ரிங் ஸ்பேனரில் பைப் நுழையுற அளவுக்கு ஒரு வெட்டு இருக்கிற மாதிரி இருக்கும். மாருதி 800-க்கு பொதுவா 10 மி.மீ. பிரிட்டிஷ் வம்சாவளி வண்டிகளில் இன்ச் அளவு வரும். உதாரணமா 7/16 இன்ச் என்பது 11.1 மி.மீ. அதில் 12 மி.மீ ஸ்பேனரைப் போட்டீங்கன்னா நட்டு காலி.

4. முதலில் இறுக்குங்க: ஆச்சர்யமா இருக்கா? கழற்றும் முன் ஒரு நூல் அளவு இறுக்குற பக்கம் அழுத்தினா, துருவின் பிடி விடும். அப்புறம் தளர்த்துங்க. கொஞ்சம் நகர்ந்ததும் ஒரேயடியா சுத்தாதீங்க. கால் சுற்று தளர்த்தி, மறுபடி இறுக்கி, ஸ்ப்ரே அடிச்சு, மறுபடி தளர்த்துங்க. நட்டு ரப்பர் ஹோஸில் சேர்ற இடம்னா, ஹோஸ் முனையை இன்னொரு ஸ்பேனரால் பிடிச்சுக்கோங்க. இல்லைன்னா ஹோஸ் முறுக்கிக்கிட்டு உள்ளே கிழியும்.

5. பைப்பைக் கவனிங்க: நட்டு சுத்தும்போது பைப்பும் சேர்ந்து முறுக்குதா? அப்போ மரை கழன்றுவிட்டது, நட்டு பைப்போடு ஒட்டிக்கிட்டிருக்கு. பைப்பைக் காப்பாத்துற முயற்சியை அங்கேயே நிறுத்திடுங்க.

6. வெட்டு: நட்டுக்கு ஒட்டி பைப்பை வெட்டிடுங்க. இப்போ ஆறு முனை சாக்கெட்டை நேரா நட்டின் மேல் மாட்டலாம். ஆறு பக்கமும் பிடி கிடைக்கும். எதுக்கும் மசியாத பல நட்டுகள் இதில் கழன்றுவிடும். அதிலும் மழுங்கினாதான் கிரிப் பிளையர். வெட்டின பைப்பைத் தூக்கிப் போடாதீங்க. புது பைப்புக்கு அதுதான் அளவு. பிரேக் ஆயில் ஒழுகிக்கிட்டே இருந்தா, பெடலைக் கொஞ்சம் அழுத்தி ஒரு குச்சியால் முட்டுக் கொடுங்க. மாஸ்டர் சிலிண்டரின் துவாரம் மூடிக்கிட்டு ஒழுகல் நிற்கும். பிரேக் ஆயில் பெயின்டை உரிச்சிடும்; பட்டா உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்க.

7. சூடு, கடைசி வழி: சூடு காட்டினா துருவின் பிடி தளரும். சூடான நட்டின் விளிம்பில் மெழுகுவத்தியைத் தொட்டா, மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். ஆனா பிரேக் ஆயில் தீப்பிடிக்கும், பக்கத்தில் பெட்ரோல் லைன் இருக்கலாம், ரப்பர் ஹோஸ் உருகும். சில பிரேக் கிளீனர் ஸ்ப்ரேக்கள் சூட்டில் விஷ வாயுவாகவே மாறும். அதனால் இதை வீட்டில் செய்யாதீங்க. பாகத்தைத் தனியாக் கழற்றி ஒர்க்‌ஷாப்பில் கொடுங்க.

மாட்டும்போது கோட்டை விடாதீங்க

ஏ.சி, ஃப்ரிட்ஜுக்குப் போடுற செம்புக் குழாயைப் பிரேக்குக்குப் போடவே கூடாது. பிரேக்குக்கான இரும்புப் பைப், இல்லைன்னா துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் கலவைப் பைப் கேளுங்க. ரெண்டும் உங்க வண்டிக்கு ஏத்த 4.75 மி.மீ அளவில் கிடைக்கும். பைப் முனையின் விரிப்பு பழைய பைப்பில் இருந்த அதே வகையில் இருக்கணும். வெட்டின இடத்தில் இணைப்பு போட்டு ஒட்டவைக்கிற வேலையும் வேண்டாம்.

உள்ளே போறது பிரேக் ஆயில் மட்டும்தான். ஊற வச்ச ஸ்ப்ரேயோ, கிரீஸோ, இன்ஜின் ஆயிலோ ஒரு சொட்டு உள்ளே போனாலும் ரப்பர் வாஷர்கள் ஊதிடும். மாட்டுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் துடைச்சு எடுங்க. நட்டை முதலில் கையால் சுத்தி மரையில் ஏத்துங்க, ஸ்பேனர் அப்புறம்தான்.

அடுத்து, பிளீடிங். பெரும்பாலான வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் ஆரம்பிச்சு, ஏரை முழுசா எடுக்கணும். பிறகு பெடலை ஒரு நிமிஷம் பலமா அழுத்திப் பிடிங்க. மெதுவாக் கீழே இறங்கினா எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பர் வச்சுப் பாருங்க. முதல் ஓட்டம் காலி மைதானத்தில், நடை வேகத்தில். ஈ.சி.ஆர் அப்புறம்!

மறுபடி இறுகாம இருக்க…

* கடற்கரைப் பயணம் முடிஞ்சதும் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்க.
* வாட்டர் சர்வீஸில் அடிப்பக்கம் டீசல், கழிவு ஆயில் அடிக்கச் சொல்லாதீங்க. துருவுக்கு நல்லதுன்னு சொல்வாங்க. ஆனா அது பிரேக் ஹோஸின் ரப்பரைக் கெடுக்கும்.
* புது நட்டுக்குப் பின்னாடி, பைப்பின் வெளிப்பக்கம் மட்டும் ரப்பர் கிரீஸ் துளி தடவுங்க. அடுத்த முறை நட்டு பைப்போடு ஒட்டாது.
* பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி. ஈரம் ஏறினால் 140 டிகிரி வரை இறங்கிடும். உள்பக்கத் துருவுக்கும் அந்த ஈரம்தான் காரணம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்திடுங்க.

15 வருஷம் தாண்டின காருக்கு ஆர்.சி-யைப் புதுப்பிக்கணும்னா எஃப்.சி-யில் பிரேக்கையும் பார்ப்பாங்க. அதுவரை காத்திருக்காதீங்க. இந்த வாரமே ஒரு டார்ச்சோடு குனிஞ்சு உங்க வண்டியின் பிரேக் பைப்பைப் பாருங்க. செதில் செதிலா துரு உதிர்ந்தாலோ, ஈரம் தெரிஞ்சாலோ, வண்டியை எடுக்காதீங்க. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்க!