குகைமுகப்பு முக்குளிப்பில் வழிகாட்டியும் பயிற்சியும்

மெக்சிகோவின் யுகாட்டான் தீபகற்பம் சுண்ணாம்புப் பாறையால் ஆனது. அங்கு பெய்யும் மழை ஆறாக ஓடாமல் பாறைக்குள் இறங்கிவிடுகிறது. பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்து, குகைகள் உலர்ந்து கிடந்தபோது அவற்றினுள் கல்விழுதுகள் வளர்ந்தன. பனி உருகிக் கடல் உயர்ந்ததும் அவை நீரில் மூழ்கின. கூரை இடிந்து வானம் தெரியும் இடங்களே செனோட்டேக்கள். துலும் நகரை ஒட்டிய சாக் ஆக்டுன், தோஸ் ஓஹோஸ் ஆகிய இரு தொகுதிகளும் ஒன்றோடொன்று இணைந்தவை என 2018 ஜனவரியில் உறுதியானபோது, அந்நீர்க்குகையின் அளவிடப்பட்ட நீளம் 347 கிலோமீட்டர். இத்தகைய குகையில் பகல் வெளிச்சம் எட்டும் முன்பகுதியே குகைமுகப்பு. அதற்குள் நாள்தோறும் வழிகாட்டியுடன் இறங்கும் சுற்றுலா முக்குளிப்போரில் பலரிடம் இருப்பது திறந்த நீருக்கான சான்றிதழ் மட்டுமே.

அந்தச் சான்றிதழ் ஒரே ஓர் உறுதியின் மேல் நிற்கிறது: எது பழுதானாலும் மேலே போனால் காற்று உண்டு. காற்று தீர்ந்தாலும், துணைவரைத் தவறவிட்டாலும், அச்சம் மேலிட்டாலும் அங்கே கற்பிக்கப்படும் கடைசித் தீர்வு மேலே எழுவதுதான். குகைமுகப்பில் மேலே இருப்பது பாறை. முதலில் பக்கவாட்டில் நீந்தி வாயிலை அடைந்த பிறகே மேலே எழ முடியும். திறந்த கடலில் நூற்றுக்கணக்கான முறை இறங்கிய அனுபவம்கூட இந்தக் குறையை ஈடுசெய்வதில்லை. குகைகளில் இறந்தவர்களில் திறந்த நீர்ப் பயிற்றுநர்களும் உண்டு என்பதைப் புளோரிடாவிலும் மெக்சிகோவிலும் குகைவாயில்களில் நிறுத்தப்பட்டுள்ள எச்சரிக்கைப் பலகைகளே சொல்கின்றன.

வழிகாட்டியுடன் செல்வதை ஆதரிப்போரின் வாதம் வலுவற்றதன்று. யுகாட்டானில் நிலைபெற்ற நடைமுறைப்படி, வழிகாட்டி முழுமையான குகைப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். ஒருவர் அழைத்துச் செல்வது அதிகபட்சம் நால்வரை. வாயிலிலிருந்து 60 மீட்டருக்கு மேல் உள்ளே போவதில்லை. பகல் வெளிச்சம் கண்ணிலிருந்து மறையக் கூடாது. நிலையான வழிக்கயிற்றை விட்டு விலகக் கூடாது. காற்றில் மூன்றில் ஒரு பங்கு செலவானதும் திரும்ப வேண்டும். நீர் தெளிவானது, வெதுவெதுப்பானது, பெரும்பாலும் அசைவற்றது. விதிகள் காக்கப்படும் வரை விபத்து அரிது என்பதும் உண்மை. ஆனால் அவை காக்கப்படுவதற்கு ஒருவரைத் தவிர வேறு உத்தரவாதம் இல்லை.

மூன்றில் ஒரு பங்கு விதியைக் கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் சுமார் 2,200 லிட்டர் காற்று இருக்கும். உள்ளே செல்ல 733 லிட்டர் செலவானால் திரும்பும்போது மீதம் 1,467. அந்த நேரத்தில் துணைவரின் ரெகுலேட்டர் பழுதானால், இருவரும் வெளியேறத் தலா 733 லிட்டர் தேவை. கணக்கு சரியாக முடிகிறது, ஆனால் ஒரு லிட்டர்கூட மிஞ்சவில்லை. வழி தெரியாமல் கயிற்றைத் தடவிக்கொண்டு வரும்போது நேரம் இரட்டிப்பானால் தேவை 2,933 லிட்டர். பாதிக்குப் பாதி குறைகிறது. அச்சத்தில் மூச்சு வேகமெடுப்பதை இந்தக் கணக்கு சேர்த்துக்கொள்ளவே இல்லை. வழிகாட்டி இரட்டைச் சிலிண்டர் சுமந்திருந்தால் அவரிடம் 3,667 லிட்டர் எஞ்சியிருக்கும். அவரும் இன்னொருவரும் தாராளமாக வெளியேறலாம். அவரும் விருந்தினரைப் போல ஒற்றைச் சிலிண்டருடன் வந்திருந்தால் அந்த வாய்ப்பு இல்லை. பயிற்சி பெற்றவர் கரையிலேயே இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வார். பெறாதவருக்கு அது வழிகாட்டியின் விருப்பம் போலத்தான் தெரியும்.

பார்வை மறைவதற்குப் பெரிய தவறு எதுவும் நடக்க வேண்டியதில்லை. கடலோரச் செனோட்டேக்களில் மேலே நன்னீரும் கீழே உப்புநீரும் படிந்திருக்கும். இரண்டும் சேரும் மட்டத்தில் முன்னே செல்பவரின் துடுப்பு நீரைக் கலக்கிவிட்டால், பின்னே வருபவரின் முகக்கண்ணாடிக்கு முன் எண்ணெய் பூசியதுபோல எல்லாம் குழைந்துவிடும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் கயிறுகூடக் கோடாகத் தெரியாது. அதைவிட மோசமானது அடிமண்டி. துடுப்பைக் கீழ்நோக்கி ஒருமுறை அழுத்தமாக உதைத்தாலே நுண்துகள் எழுந்து வெளிச்சத்தை மூடிவிடும். வெளிவிடும் மூச்சின் குமிழிகள் கூரையில் மோதியும் துகள்களை உதிர்க்கும். வரிசையில் முன்னால் செல்லும் வழிகாட்டி கடைசி ஆளிடமிருந்து பல மீட்டர் தள்ளியிருப்பார். கலங்கிய நீரில் அந்தக் கடைசி ஆள் தனித்தவர். கயிற்றைப் பிடித்து எந்தப் பக்கம் போவது என்பதை அவரே அறிந்திருக்க வேண்டும்.

வழிகாட்டியே வழி தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தெற்கு இத்தாலியின் பாலினூரோ முனை சாட்சி. 2012 ஜூனில் அங்குள்ள கடற்குகை ஒன்றில் இறங்கிய குழுவில் நால்வர் இறந்தனர். அவர்களில் வழிகாட்டியும் ஒருவர். செனோட்டேக்கும் கடற்குகைக்கும் அமைப்பில் வேறுபாடுகள் உண்டு. ஆயினும் பாறைக் கூரையின் கீழ் வழிகாட்டியை மட்டும் நம்பிச் செல்வோருக்கு, அவரை இழந்தபின் மாற்று வழியில்லை என்பது இரண்டுக்கும் பொது.

ஆகவே பயிற்சியின் முதல் பயன், இன்னும் ஆழத்துக்கோ தொலைவுக்கோ செல்லும் உரிமை அன்று. வழிகாட்டியை மதிப்பிடும் அறிவு. வெளிச்சம் மறையும் திருப்பத்தை அவர் கடக்கிறாரா, காற்றளவைக் கேட்கிறாரா, கயிற்றை விட்டு விலகுகிறாரா என்று கவனிக்கத் தெரிந்தவரே, கட்டைவிரலை உயர்த்தி முக்குளிப்பை அங்கேயே முடிக்க முடியும். எது மீறல் என்றே தெரியாதவர் ஆபத்துக்கு ஒப்புக்கொண்டதாகச் சொல்வது பொருந்தாது. அவரிடம் கையொப்பம் வாங்கும் உறுதிமொழித்தாள் சட்டத்துக்குப் பயன்படலாம், அறத்துக்குப் பயன்படாது.

இடத்தையே திருத்தி ஆபத்தை நீக்கவும் வழியுண்டு. புளோரிடாவின் ஜின்னி ஊற்றில் 'பால்ரூம்' எனப்படும் குகைமுகப்பின் உட்புற வாய் இரும்புக் கம்பிகளால் அடைக்கப்பட்டுள்ளது. உள்ளே வழிதவறக் குகையே இல்லாததால், திறந்த நீர்ச் சான்றிதழ் உள்ளவரும் அங்கே விளக்குடன் இறங்கலாம். அதே வளாகத்தின் டெவில்ஸ் ஊற்றுக் குகைகளில் அவர்கள் விளக்கு கொண்டுசெல்லவே தடை. விளக்கில்லாதவர் இருட்டுக்குள் போகத் துணியமாட்டார் என்பதே அதன் நோக்கம். இவை தனிமனிதரின் கவனத்தை நம்பாத ஏற்பாடுகள். யுகாட்டானில் கணக்கற்ற கிளைகளை அடைப்பது நடக்கக்கூடியதன்று. எனவே அங்கே முக்குளிப்பவரைத் தகுதிப்படுத்துவதே எஞ்சும் வழி.

அதற்கான விலை பெரிதன்று. குகைமுகப்புப் பயிற்சி பொதுவாக இரண்டு மூன்று நாளில் முடிகிறது. கயிறு இடுதல், கண்ணை மறைத்துக் கயிற்றைப் பற்றி வெளியேறுதல், காற்றைப் பகிர்ந்தபடி நீந்துதல், அடிமண்டியைக் கிளப்பாத தவளைநீச்சல் ஆகியவை அதில் அடங்கும். ஒரு வாரப் பயணமாகத் துலும் செல்பவர் முதல் நாட்களை அதே செனோட்டேக்களில் இப்பயிற்சிக்கு ஒதுக்கலாம். அதற்கு நேரமில்லாதவர், இரும்புக் கம்பியிட்ட இடங்களைத் தவிர வேறெந்தக் குகைமுகப்பிலும், எத்தனை நல்ல வழிகாட்டி உடன் வந்தாலும், இறங்கக் கூடாது.